கிழங்கு இருக்குது

தேசம்மாளைக் காட்டிக்கொடுத்தது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தக் குரல்தான்.

செவ்வாய்க்கிழமை காலை. தாழங்குளம் இருளர் குடியிருப்பில் அவள் வீட்டு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள். சட்டி பானைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, முக்காலி போலிருந்த ஒரு கருவியை மண்தரையில் ஊன்றினார்கள். நிலக்காது என்று அதற்குப் பேர். அரை நிமிடம் அது மண்ணுக்குள் காதைக் கொடுத்துக் கேட்டது. பிறகு பேசியது. தேசம்மாளின் குரலில், அவளுடைய கரகரப்போடு, அவள் இழுக்கிற அதே இழுப்போடு:

"கிழங்கு இருக்குது. முழங்கை ஆழம். மூணு."

ஒருவன் சிவப்புக் கொடி ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் குத்தினான். அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் கிழங்கு. அதற்கடுத்த வீட்டிலும் கிழங்கு. உச்சி வெயில் ஏறுவதற்குள் முப்பத்தொரு வீட்டிலும் கொடி குத்தியாகிவிட்டது. வீட்டுக்கொரு தாளும் கையில் திணிக்கப்பட்டிருந்தது.

தேசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தங்கை பூங்காவனம் எட்டாவது வரை போனவள். அவள்தான் வாசலில் உட்கார்ந்து, வரிக்கு வரி இருமிக்கொண்டே படித்துக் காட்டினாள். இந்த வீட்டின் அடியில் கம்பெனியின் மண்முத்து விளைந்திருக்கிறது. விளைமண் சட்டப்படி இது இனிமேல் கம்பெனியின் சாகுபடி நிலம். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். அதுவரை நிலத்தை ஒரு சாண் தோண்டினாலும் குற்றம்.

படித்து முடித்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, அந்தப் பொட்டி உன் கொரல்லயே பேசுதேக்கா. நீயா எங்கள வெளிய போவச் சொல்ற?"

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் அதைத்தான் கேட்கவிருந்தார்கள் என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தேசம்மாள் அடுப்புப் பக்கம் நின்ற சிவப்புக் கொடியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மண்முத்து என்பது ஒரு காளான். குடை விரித்து வெளியே வந்து நிற்கிற காளான் இல்லை. சவுக்கு வேரோடு ஒட்டிக்கொண்டு, மண்ணுக்குள்ளேயே பிறந்து மண்ணுக்குள்ளேயே உருண்டு கிடக்கிற சாதி. நல்ல விலைக்குப் போகும் என்று கம்பெனிக்காரர்கள் கடற்கரை நெடுகச் சவுக்குத் தோப்புகளை வளைத்துப்போட்டு, அதன் வேர்களில் இந்தக் காளானை ஏற்றிவிட்டிருந்தார்கள். முதிர ஐந்து வருடம் ஆகும். அதற்கு முன்னால் தோண்டிப் பார்த்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடுமாம். ஆகவே தோண்டாமலே, எங்கே எத்தனை கிடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் நிலக்காது. அது வரைந்த படத்தை நம்பித்தான் சர்க்கார் சட்டமே போட்டது: காளான் எங்கே இருக்கிறதோ அந்த நிலம் கம்பெனிக்கு. நட்டு வந்தாலும் சரி, தானாகப் பரவி வந்தாலும் சரி. சட்டம் எழுதினவர்கள் ஒருநாளாவது மண்ணில் கால் வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

காளானுக்கு எதிரி எலி. மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்றுவிடும். ஆகவே நிலக்காதுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கே எலி என்று சொல்கிறதோ அங்கே குழாய் வழியாக மண்ணுக்குள் விஷப்புகையைத் திறந்துவிடுவார்கள். இதில் ஒரு சங்கடம். பகலில் வளைக்குள் சுருண்டு தூங்குகிற எலியும், வேரடியில் உருண்டு கிடக்கிற காளானும் அந்தக் கருவிக்கு ஒன்றுபோலவே பட்டன. இரண்டும் உருண்டை, இரண்டும் ஈரம். காளானும் மெல்ல மூச்சு விடுமாம். மெத்தப் படித்தவர்கள் கூடி மண்டையை உடைத்துக்கொண்டும் ஆகாமல், கடைசியில் எலி பிடிக்கிற தேசம்மாளிடம் வந்தார்கள். மண் கிடக்கிற லட்சணத்தைப் பார்த்து, குதிகாலால் ஒரு மிதி மிதித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் சொல்லிவிடுவாள். எட்டு மாதம் அவள் சொல்லச் சொல்ல, நிலக்காது கேட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவள் குரலையே தன் குரலாக எடுத்துக்கொண்டது.

இதில்தான் கோளாறு. தேசம்மாள் வீட்டு வழக்கத்தில், வளை வாயில் நின்றுகொண்டு எலியின் பேரைச் சொல்லமாட்டார்கள். பேரைச் சொன்னால் அதன் காதில் விழுந்து, மறுவாசல் வழியாக ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. உள்ளே எலி இருந்தால் "கிழங்கு இருக்குது" என்பார்கள். ஆள் இல்லாத வெறும் வளை என்றால் மட்டும் தாராளமாக "எலி போயிட்டுது" என்பார்கள். தேசம்மாளும் அப்படியே சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அதில் சொல்வதற்கோ மறைப்பதற்கோ ஒன்றுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. காளானைக் கண்டபோதும் கிழங்கு என்றே சொன்னாள். கம்பெனிக்காரர்கள் முதலில் காட்டின காளான் கருணைக்கிழங்கு மாதிரிதான் இருந்தது, அதை வேறு என்னவென்று சொல்வது?

இரண்டாம் மாதத்திலேயே அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள். எலி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு புகையெல்லாம் வெறும் வளைக்குள் போய்க்கொண்டிருந்தது. எலி குட்டிகளோடு கிடக்கிற வளையின் மேல் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. புகை போட்ட இடத்தில் ஓர் எலிகூட மிஞ்சவில்லை என்று கம்பெனிக்காரர்கள் ஒருவருக்கொருவர் இனிப்புக் கொடுத்துக்கொண்டார்கள். தேசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் பூங்காவனம். போன வருடம், நிலக்காது வருவதற்கு முன்னால், கம்பெனி சும்மா ஒரு பரீட்சைக்காகத் தோப்பில் புகை போட்டது. எலி வளை தோப்போடு நிற்குமா? வரப்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, வீடுகளின் அடி வரைக்கும் போகும். புகையும் அதே வழியாக வந்து பூங்காவனம் வீட்டுத் தரையில் எழும்பியது. மதியத் தூக்கத்தில் இருந்தவளை வெளியே இழுத்துப்போட்டார்கள். உயிர் தப்பியது. முப்பத்திரண்டு வயதில் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து நாலு வீடு தாண்ட முடியாது அவளால். அந்தப் புகை இன்னொரு தரம் வராமலிருக்க ஒரு வார்த்தை உதவுகிறதென்றால் உதவட்டுமே என்று விட்டுவிட்டாள் தேசம்மாள். அந்த வார்த்தையே வேறு வழியாக வந்து வீட்டைப் பிடுங்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று பிற்பகலே கம்பெனி கொட்டகைக்குப் போனாள். நிலக்காதைச் செய்தவள் ஜெசிந்தா, புதுச்சேரிப் பெண், அங்கேதான் இருந்தாள். எட்டு மாதம் தேசம்மாளோடு வெயிலில் நடந்தவள், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவள்.

"மேடம், உங்க பொட்டிக்கு எலிக்கும் காளானுக்கும் வித்தியாசம் தெரியல," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எப்போது தெரிந்துகொண்டாள் என்பதையும் ஒளிக்கவில்லை.

ஜெசிந்தா கணினிப் பக்கம் திரும்பினாள். திரையில் எதையோ தட்டிப் பார்த்தாள், மறுபடி தட்டினாள். "வித்தியாசம் தெரியுதுக்கா," என்றாள் மெதுவாக. "ரெண்டு சத்தத்தையும் தனித்தனியாத்தான் பிரிச்சு வச்சிருக்கு. ஆனா ரெண்டுமே கிழங்குல ரெண்டு ரகம்னு நினைச்சுக்கிட்டிருக்கு. பேர்தான் தப்பு."

"அப்ப அந்தப் படம் பூரா பொய்யா?"

"பாதிக்கு மேல எலி. இந்தப் படத்தை வச்சு முப்பது கிராமத்துக்கு நோட்டீஸ் போயிருக்குக்கா."

"தோண்டிக் காட்டிப்புட்டா?"

"தோண்டினா ஜெயில். சட்டம் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

வெளியே சவுக்கு இரைந்துகொண்டிருந்தது.

"வேடிக்கை என்னன்னா," என்று ஜெசிந்தா தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள், "அந்த மெஷின் நினைக்கிறது அப்படி ஒண்ணும் தப்பில்லக்கா. இந்தக் காளானால மண்ணை விட்டு வெளிய வர முடியாது. விதையைக் காத்துல தூவவும் முடியாது. அதனாலதான் வாசனையை விடுது. எலி தோண்டித் தின்னுட்டு வேற எடத்துல போய்க் கழிக்குது பாருங்க, அதுலதான் காளானோட விதை இருக்கு. எலிதான் காளானுக்குக் கால்."

"கால வெட்டத்தான் என்னைக் கூலிக்கு வச்சீங்களா?"

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். "இதைத் திருத்தறது ரொம்ப சுலபம். அது இன்னமும் உங்க குரலைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. எலி இருக்கிற வளை மேல அதை வச்சுட்டு, நீங்க ஒரே ஒரு தரம் 'எலி'ன்னு சொன்னா போதும். எட்டு மாசப் படத்தையும் தானே மாத்திக்கும். சிவப்புக் கொடியெல்லாம் போயிடும்."

"போயி?"

"கொடி இருந்த வளையெல்லாம் புகைக்குப் போகும்," என்றாள் ஜெசிந்தா.

மூன்றாம் நாள் கம்பெனியின் சட்ட அதிகாரி ஆதவன் குடியிருப்புக்கே வந்தார். ஜெசிந்தா எல்லாவற்றையும் மேலிடத்தில் சொல்லியிருந்தாள். மறைத்து வைக்கத் தெரியாத பெண். ஆதவன் நல்ல பேச்சுக்காரர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டதும் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தெரியாம நடந்துபோச்சு. உங்க மேல கேஸ் எதுவும் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். இப்பவே மெஷினை வைக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லுங்க. நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கறோம். நீங்க இங்கேயே இருக்கலாம்."

"பொகை?"

"எலி இருந்தா போட்டுத்தானே ஆகணும்? ஒரு ரெண்டு மணி நேரம் எல்லாரும் ரோட்டுப் பக்கம் போய் நின்னுட்டு வாங்க. அவ்வளவுதான்."

பூங்காவனம் கதவைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ஆதவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"போன வாட்டி பொகை தோப்போட நின்னுரும்னுதான் சொன்னீங்க," என்றாள் தேசம்மாள். "கிழங்குன்னா வூடு போவும். அந்தப் பேரைச் சொன்னா உசுரு போவும். எது வேணும்னு எங்களையே கேக்கறீங்க. ரெண்டும் வேணாங்க. நாங்க தாலுக்கா ஆபீஸ்ல மனு குடுத்துப் பேசிக்கறோம்."

"யோசிச்சுப் பேசும்மா."

"யோசிச்சுத்தான் சொல்றன். நாற்காலிய வுட்டு எழுந்திரிங்க, அது பக்கத்து வூட்டுது."

ஆட்சேபணை விசாரணை வட்டாட்சியர் அலுவலகத்தில் வைக்கப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வட்டாட்சியர் குணசீலன் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறவர், யாரிடமும் கெட்ட பெயர் வாங்கக் கூடாது என்று இருக்கிறவர். குடியிருப்பிலிருந்து நாற்பது பேர் வந்து, சுவரோரமாக நின்றார்கள். உட்காரச் சொல்லவில்லை.

ஆதவன் நிலக்காதை மேசைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். பதிவைப் போட்டார். கிழங்கு இருக்குது, கிழங்கு இருக்குது என்று தேசம்மாள் அறை முழுக்கப் பேசினாள்.

"இது உங்க குரல்தானே?"

"என் கொரல்தான்."

"நீங்க சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதான்."

"அப்ப கீழ இருக்கிறது கிழங்கு மாதிரி இருக்கிற எங்க காளான்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

தேசம்மாள் தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னாள். சுவரோரத்தில் நின்றவர்களில் வயசான இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். ஆதவனும் சிரித்தார். "சார், தொண்ணூற்றெட்டு சதவீதம் சரின்னு சான்று வாங்கின கருவி இது. ஒரு அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்றாங்கன்னு..."

"எதை வச்சு சான்று குடுத்தாங்க?" என்று குறுக்கே கேட்டாள் தேசம்மாள்.

ஆதவன் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா எழுந்து நின்று, "தேசம்மா அக்கா சொன்னதோட ஒத்துப் பார்த்து," என்றாள்.

இந்தத் தரம் குமாஸ்தாக்கள் சிரிக்கவில்லை. குணசீலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்காக அரசாங்கம் ஏத்துக்கிட்ட கருவியை நான் இங்க உட்கார்ந்துக்கிட்டு தப்புன்னு சொல்ல முடியாதும்மா. வேற ஏதாவது ஆதாரம் இருந்தா காட்டு."

தேசம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்வை தரையில் போய் நின்றது. பதிவறைக் கதவடியில் காரை பெயர்ந்து, ஈர மண் புதிதாகத் தள்ளிக் கிடந்தது. சுவரோரத்தில் கறுப்பாகப் புழுக்கை. ஊரிலுள்ள எந்தச் சர்க்கார் ஆபீசிலும் இது புதிதில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தார்கள்.

அவள் போய் நிலக்காதைத் தூக்கினாள். ஆதவன் தடுக்க வருவதற்குள், பதிவறை வாசலில் பெயர்ந்த காரையில் அதை ஊன்றிவிட்டாள். அரை நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"கிழங்கு இருக்குது," என்றது அவள் குரல். "முழங்கை ஆழம். பதினாறு."

யாரோ ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். தேசம்மாள் சிரிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த நோட்டீசை எடுத்து, குணசீலன் மேசையில் விரித்து வைத்தாள்.

"ஐயா, எங்க வூட்டுல மூணு. அதுக்கே முப்பது நாளு. உங்களுக்குப் பதினாறு. இந்த ஆபீசு கம்பெனி நெலத்துல இருக்குது. எப்ப காலி பண்றீங்க?"

குணசீலன் நோட்டீசை ஒரு முறை படித்தார். ஆதவனைப் பார்த்தார். ஆதவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், இது நடைமுறையே இல்ல," என்றார்.

"உங்க கருவிதானே?"

"கருவி சரிதான் சார், ஆனா..."

"சரின்னா நான் பெட்டி படுக்கையைக் கட்டணும். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க." குணசீலன் அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டார். "யோவ், கடப்பாரை எடுத்துட்டு வா."

"தோண்டினா குற்றம் சார்," என்றார் ஆதவன்.

"என் ஆபீசுய்யா இது," என்றார் குணசீலன். இருபத்தொன்பது வருட வேலையில் அவர் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

நாலு குத்துதான். காரை சரிந்து உள்ளே குழி தெரிந்தது. கந்தலாகக் கடித்துப் போட்ட பழைய காகிதம் பொதி பொதியாக வந்தது, யாருடைய பட்டாவோ, யாருடைய மனுவோ. அதற்குள்ளிருந்து பூனைக்குட்டி அளவுக்கு ஒரு பெருச்சாளி வெளியே வந்து, வெளிச்சத்தில் ஒரு கணம் திகைத்து நின்று, மேசைக்கடியில் புகுந்து, ஆதவனின் பளபளக்கிற பூட்ஸைத் தாண்டிப் பதிவறைக்குள் ஓடியது. பின்னாலேயே இன்னும் இரண்டு. சுவரோரத்து நாற்பது பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக மாறிப் பூங்காவனம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆதவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சிரிப்பு ஓயுமுன்னே சுதாரித்துக்கொண்டார். "சரி சார், ஒத்துக்கறோம். தாழங்குளத்துல எங்க காளான் இல்ல. உரிமை கோரலை, இங்கேயே வாபஸ் எழுதித் தர்றேன். பதிவுல ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்குங்க. அம்மா சொன்ன கிழங்குன்னா எலி. அதை அவங்க வாயாலேயே சொல்லட்டும். சாட்சி இல்லையா?"

இதைச் சொல்லிக்கொண்டே காலால் நிலக்காதை அந்தக் குழிக்குப் பக்கமாக நகர்த்தினார். அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேசம்மாள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா கண்ணால் வேண்டாம் என்றாள். அந்தச் சைகை அவளுக்குத் தேவைப்படவில்லை.

குணசீலன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பேனாவை எடுத்தார். "சொல்லும்மா. பதிவு பண்ணணும். இப்ப இந்தக் குழியிலிருந்து ஓடினது என்ன?"

ஒரே ஒரு வார்த்தை. நாலு எழுத்தில்லை, மூன்று எழுத்தில்லை, இரண்டே எழுத்து. அதைச் சொன்னால் வீடு அவர்களுக்கு. நாளைக் காலையில் குழாய் வரும், புகை வரும், இந்தக் கடற்கரை நெடுக எல்லா வளைக்குள்ளும் வரும். வளை போகிற வழியெல்லாம் வரும். தேசம்மாள் குழியைப் பார்த்தாள். உள்ளே இன்னும் பதின்மூன்று கிடந்தன. அவள் வளை வாயில் நின்றுகொண்டிருந்தாள்.

"கிழங்குங்க," என்றாள்.

"என்னம்மா விளையாடறியா? எல்லார் கண்ணுக்கும் முன்னாடி ஓடிச்சே."

"ஆமாங்க ஓடிச்சு. கிழங்கு ஓடிச்சு."

ஆதவன் மேசையைத் தட்டினார். "சார், பிடிவாதமா பொய் சொல்றாங்க. அதை எலின்னு எழுதுங்க. நீங்களே பார்த்தீங்க இல்ல?"

"நான் சாட்சியில்ல. சாட்சி அவங்க," என்றார் குணசீலன்.

"அம்மா, கடைசியா கேக்கறேன், அதுக்குப் பேர் என்ன?" என்று ஆதவன் அவள் பக்கம் திரும்பினார். குரலில் பழைய இனிப்பு இல்லை.

"எங்க வழக்கத்துல அதுக்குப் பேரு கிழங்கு. உங்களுக்கு வேற பேரு வேணும்னா நீங்களே இந்தப் பொட்டிகிட்ட சொல்லிக்குங்க. ஆனா அது உங்க பேச்சைக் கேக்காது. என் பேச்சைத்தான் கேக்கும்."

குணசீலன் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பூங்காவனத்தைப் பார்த்தார். சாட்சி சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது விதி. அவர் வாழ்நாள் முழுக்க விதியைக் காரணம் காட்டித்தான் தப்பித்து வந்தவர். இன்றைக்கும் அதையே காட்டினார். குனிந்து, எழுத்து எழுத்தாக எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்:

"தோண்டிய இடத்தில் கிழங்கு மூன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நாலு கால், ஒரு வால். அவை ஓடிவிட்டன. கம்பெனி தன் உரிமை கோரலை வாபஸ் பெறுவதாக ஒப்புக்கொண்டது. எலி எதுவும் காணப்படவில்லை."

கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தேசம்மாள் பெருவிரல் வைக்கத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.